28 மி.மீ. கைவந்தால் 6 மி.மீ. தானாக வருமா? போர் விளையாட்டுப் பொம்மைகளும் அளவுகளும்

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2024

சில ஆண்டுகளாக 28 மி.மீ. உயர ஓர்க் (கற்பனைக் கதைகளில் வரும் அரக்கர்) பொம்மைப் படைகளுக்கு வண்ணம் தீட்டி வருகிறேன். கண், பல், வடு எல்லாம் கைவந்துவிட்டன. அடுத்ததாக நெப்போலியன் காலத்துப் படைகளை 6 மி.மீ. அளவில் தொடங்க ஆசை. பெரியதில் பழகிய கைக்குச் சிறியது எளிதுதானே? அதே முறையை இன்னும் மெல்லிய தூரிகையால் செய்தால் போதும் என்று நினைக்கிறேன். சரியா?

9 ஜூன், இரவு

சரியில்லை. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 மி.மீ. பொம்மை ஏறத்தாழ 1/56 அளவு. 6 மி.மீ. பொம்மை ஏறத்தாழ 1/300. மனிதக் கண்ணின் அகலம் 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 28-இல் அது அரை மில்லிமீட்டர். நல்ல தூரிகையும் நடுங்காத கையும் இருந்தால் தீட்டிவிடலாம். 6-இல் அது 0.1 மி.மீ. அங்கே கண் கிடையாது. தீட்டினாலும் புள்ளி விழுந்த முகம்தான் மிஞ்சும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். மேஜையில் இருக்கும் பொம்மையை நாம் ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். 28 மி.மீ. சிப்பாய் என்றால், உண்மையான ஆளை 56 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 6 மி.மீ. சிப்பாய் என்றால் 300 மீட்டர். 54 மி.மீ. பொம்மையைக் கையில் எடுத்து 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால், பத்து மீட்டருக்குள் நிற்கும் ஆளைப் பார்க்கிறோம். பத்து மீட்டரில் நிற்பவரின் முகம் தெரியும். 300 மீட்டரில் தெரிவது வரிசையும் நிறமும் வெயிலில் மின்னும் துப்பாக்கி முனைகளும் மட்டுமே.

ஆகவே அளவு மாறும்போது மாறுவது பொம்மையின் உயரம் மட்டும் அல்ல. நீங்கள் தீட்ட வேண்டிய தூரம் மாறுகிறது. ஓர்க் முகத்தில் நீங்கள் கற்ற நுணுக்கத்தை 6-க்குக் கொண்டு போனால் பொழுதும் போகும், பொம்மையும் இருண்டு போகும்.

10 ஜூன்

தூரிகை பற்றித் தனியே சொல்ல வேண்டும், இதில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். சிறிய பொம்மைக்குச் சிறிய தூரிகை வேண்டும் என்பது தவறான எண்ணம். 000 எண் தூரிகையின் வயிற்றில் வண்ணம் நிற்காது. பலகையிலிருந்து பொம்மைக்கு வருவதற்குள் நுனி காய்ந்துவிடும். சென்னைக் கோடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். 1 அல்லது 2 எண்ணில், நுனி ஊசிபோல் கூடும் நல்ல சேபிள் (விலங்கு மயிர்) தூரிகை ஒன்று வாங்குங்கள். வயிற்றில் வண்ணம் நிறைந்திருக்கும், நுனி மட்டும் வேலை செய்யும். செயற்கை இழைத் தூரிகைகளின் நுனி சீக்கிரமே கொக்கிபோல் வளைந்துவிடும். அவற்றை உலோக வண்ணத்துக்கும் டிரை பிரஷுக்கும் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையை மேடுகளில் மட்டும் தேய்ப்பது) ஒதுக்கிவிடுங்கள். உலோகத் துகள் நல்ல தூரிகையைக் கெடுக்கும்.

14 ஜூன்

"நீங்கள் எதைத் தீட்டுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். அசாயே. 1803 செப்டம்பர் 23, இன்றைய மகாராஷ்டிரத்தில், கைல்னா, ஜுவா என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நடந்த சண்டை. ஒரு பக்கம் மராத்திய அரசர்களான சிந்தியாவும் நாக்பூர் போன்ஸ்லேயும். மறுபக்கம் பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு. அவருடைய காலாட்படையில் 74, 78 என்ற எண்கள் கொண்ட இரண்டு ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்கள். மீதி, மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி பட்டாலியன்கள். அதாவது நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள். வாட்டர்லூவுக்கு ஆயிரம் பேர் தீட்டுகிறார்கள். அசாயேவுக்குத் தீட்டுபவர்கள் குறைவு. எனக்கு இந்தச் சண்டையின் மேல் தனிப் பிடிப்பு.

முழுச் சண்டையும் 6-இல். சில பேர் மட்டும் 28-இல். ஒரே ரெஜிமென்ட்டை இரண்டு அளவிலும் தீட்டியபோதுதான் முதல் குறிப்பில் எழுதியது முழுவதும் புரிந்தது.

அந்த இரண்டு ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்களையே எடுத்துக்கொள்வோம். சிவப்புக் கோட்டின் காலரும் மணிக்கட்டு மடிப்பும் எந்த நிறமோ அதுதான் அன்றைய பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டின் அடையாளம். 74-க்கு வெள்ளை. 78-க்கு, சாயம் ஏற்றாத தோல்போன்ற வெளிர் மஞ்சள் பழுப்பு. 28-இல் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. 6-இல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன், இரண்டும் வெள்ளை. அந்தப் பழுப்பைச் சந்தன நிறம்வரை அழுத்திக் கூட்டிய பிறகுதான் ஒரு மீட்டரிலிருந்து 78 தனியே தெரிந்தது. குப்பியில் இருக்கும் சரியான நிறம் மேஜையில் தவறான நிறம். சிறிய அளவில் இது அடிக்கடி நடக்கும்.

15 ஜூன்

"அப்படியானால் வரலாற்றுத் துல்லியம் என்னாவது?" என்று காட்டமாக ஒரு பதில் வந்திருக்கிறது. நியாயமான கேள்வி, அதனால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

துல்லியம் என்றால் எதன் துல்லியம்? அன்றைய பிரிட்டிஷ் சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்த சாயம். அது செங்கல் சாயலுள்ள மங்கிய சிவப்பு. அதிகாரிகளின் கோட்டுக்குக் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயம். அது பளீரென்ற சிவப்பு. 28-இல் இந்த வேறுபாட்டைக் காட்டாமல் விடுவது குறை என்றே சொல்வேன். அதிகாரியை வரிசையிலிருந்து பிரித்துக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் 6-இல் செங்கல் சிவப்பைத் தீட்டினால் அது கறுப்பு பிரைமருக்குள் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்படைப் பூச்சு) புதைந்து பழுப்பாகத் தெரியும். பரப்பு சிறுகச் சிறுக நிறம் இருண்டு தெரியும். ஆகவே சாதாரணச் சிப்பாய்க்கே அதிகாரியின் சிவப்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 300 மீட்டரில் நிற்பவனுக்குச் சிவப்புப் படை சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பதும் துல்லியம்தான்.

சிவப்பு பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. சிவப்பு வண்ணம் பெரும்பாலும் மறைக்கும் திறன் குறைந்தது. கறுப்பின் மேல் நேரடியாக ஏற்றினால் மூன்று பூச்சு கேட்கும். முதலில் செம்பழுப்பு ஒரு பூச்சு, அதன் மேல் சிவப்பு. ஒளிபடும் மேடுகளுக்கு வெள்ளையைக் கலக்காதீர்கள், ரோஜா நிறமாகிவிடும். ஆரஞ்சு கலந்து ஏற்றுங்கள்.

சிப்பாயின் மார்புக்குக் குறுக்கே போகும் வாரும் அதே கதை. அசல் வார் 5 செ.மீ. சொச்சம் அகலம். 28-இல் ஒரு மில்லிமீட்டர், 6-இல் அதில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால்தான் 6 மி.மீ. சிற்பிகள் வாரைத் தடிப்பாகவே செதுக்குகிறார்கள். சிற்பியே மிகைப்படுத்திய பிறகு வண்ணக்காரர் மட்டும் தயங்க வேண்டியதில்லை.

22 ஜூன்

இன்று எழுதப்போவது எனக்கு மிக முக்கியமானது.

தோல் நிறம். புத்தகத்திலும் காணொளியிலும் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஐரோப்பியத் தோலுக்கானவை. அடித்தோல் நிறம், செம்பழுப்பு வாஷ் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த வண்ணம்), பிறகு வெள்ளை கலந்து கலந்து மேடுகளை ஏற்றுவது என்று போகும். மதராஸ் சிப்பாய்க்கு இதே முறையைப் பழுப்பில் செய்து பாருங்கள். வெள்ளை சேர்ந்த பழுப்பு சாம்பல் பூத்துப்போகும். உயிருள்ள முகம்போல் இருக்காது, தூசி படிந்த சிலைபோல் இருக்கும். கடைகளில் காட்சிக்கு வைக்கும் இந்தியப் பொம்மைகளில் இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறது.

நான் செய்யும் முறை இது. நடுத்தரச் செம்பழுப்பில் அடிப்பூச்சு. நிழலுக்கு அதே பழுப்பில் கொஞ்சம் கருநீலம், கறுப்பு வேண்டாம். கருநீலம் கலந்த நிழல் குளிர்ச்சியாக இருப்பதால் அடிப்பூச்சின் சூடு எடுபடும். மேடுகளுக்கு அதே பழுப்பில் காவி மஞ்சள். கன்னமேடு, மூக்குத்தண்டு, கீழுதடு இந்த மூன்று இடத்தில் மட்டும் கடைசியாகக் காவியோடு துளி ஆரஞ்சுத் தோல்நிறம். கறுத்த தோலில் ஒளி பரந்து மங்காது, சிறிய இடத்தில் கூர்மையாக மின்னும். வெயிலில் வேலை செய்பவரின் தோளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே கடைசி மேடு சிறியதாகவும், நினைப்பதைவிட வெளிச்சமாகவும் இருக்கட்டும்.

மதராஸ் சிப்பாயின் உடையையும் பாருங்கள். மேலே ஐரோப்பியச் சிவப்புக் கோட்டு, தலையில் தலைப்பாகை, கீழே வெள்ளை அரைக்கால் சட்டை, அதற்குக் கீழே வெறுங்கால். 28-இல் முகத்தைவிடக் காலில்தான் தோல் அதிகம் தெரிகிறது. முழங்கால் சில்லின் மேல் ஒரு புள்ளி, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கணைக்கால் எலும்பின் மேல் மயிரிழைபோல் ஒரே ஒரு கோடு. அவ்வளவு போதும், அந்தக் கால் நடக்கும். பின்பக்கம் ஆடுசதையின் உட்புறத்தில் கருநீல நிழல். வரிசையைப் பின்னாலிருந்துதான் விளையாடுபவர் பார்க்கிறார், அதனால் பின்பக்கத்தைச் சோம்பலாக விடாதீர்கள்.

ஒரே பட்டாலியனில் எல்லாருக்கும் ஒரே பழுப்பு வேண்டாம். அடிப்பூச்சை இரண்டு மூன்று விதமாகக் கலந்துவைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஏற்றுங்கள். ஊரில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நிற்பவர்களைப் பார்த்தாலே போதும், எத்தனை பழுப்பு.

23 ஜூன்

நேற்றையதோடு சேர்க்க வேண்டியது: மேலே சொன்னது எல்லாம் 28-க்கு. 6-இல் முகத்துக்கு ஒரு பொட்டு, காலுக்கு ஒரு இழுப்பு. ஆனால் அந்தப் பொட்டு உண்மையான தோலைவிட இரண்டு படி வெளிறியதாக இருக்க வேண்டும். கருமையான தலைப்பாகைக்குக் கீழே அசல் பழுப்பை வைத்தால் தலையே இல்லாத படை நிற்கும். இங்கே மனம் கொஞ்சம் உறுத்துகிறது. சாம்பல் பூக்கக் கூடாது என்று அவ்வளவு எழுதிவிட்டு, வெளிறச் செய்யச் சொல்கிறேன். வெளிறச் செய்வதையும் காவி கலந்தே செய்யுங்கள். வெள்ளை இங்கும் கூடாது.

6 ஜூலை

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "ஓர்க்குக்குச் சீருடையும் இல்லை, சான்றும் இல்லை. கற்பனைப் படைக்கு இந்த விதியெல்லாம் பொருந்துமா?"

கண்ணுக்கு ஓர்க்கும் ஒன்றுதான், 78-ஆம் ரெஜிமென்ட்டும் ஒன்றுதான். ஆனால் நீங்கள் தீட்டிப் பழகியது 'ஹீரோயிக்' வகை 28 மி.மீ. அதை நினைவில் வையுங்கள். அந்த வகையில் தலை பெரிது, கை பெரிது, வாள் ஒரு கதவுத் தடிமன். உடலின் விகிதத்தைச் சிற்பி முன்பே வளைத்துவிட்டார், எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்காக அவரே தீர்மானித்துவிட்டார். உண்மை விகிதத்தில் செதுக்கிய 28 மி.மீ. வரலாற்றுப் பொம்மையைக் கையில் எடுத்தால் விரல் மெலிந்திருக்கும், துப்பாக்கி இளைத்திருக்கும், கண்குழி ஒரு கீறல். ஓர்க்கிலிருந்து நேரே அங்கு வருபவர்களுக்கே முதலில் தடுமாற்றம்தான். ஒரே எண் போட்ட இரண்டு பெட்டிகளுக்குள் இவ்வளவு வேறுபாடு. உயரத்தைக் கண்வரை அளப்பதா உச்சந்தலைவரை அளப்பதா என்பதில்கூட நிறுவனங்களுக்குள் ஒற்றுமை இல்லை. பழைய 25 மி.மீ. வளர்ந்து 28 ஆனது, அதுவும் வளர்ந்து இப்போது 32 என்று விற்கிறார்கள்.

கற்பனைப் படையின் பெரிய வசதி, நிறத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது. அதை முழுவதும் பயன்படுத்துங்கள். 2000-இல் பிரிட்டனின் போர் விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட வார்மாஸ்டர் 10 மி.மீ. அளவுக் கற்பனைப் போர் விளையாட்டு. அந்த அளவில் ஓர்க் படையின் பச்சைத் தோலும் பழுப்பு உடையும் ஒன்றாய்க் கலந்து சேறாகும். தோலை மஞ்சள் பச்சைக்குத் தள்ளி, உடையைக் கருஞ்சிவப்புக்குத் தள்ளிப் பாருங்கள், கூட்டம் பிரிந்து தெரியும். சிவப்புக் கோட்டுக்காரருக்கு இந்தச் சலுகை இல்லை.

7 ஜூலை

15 மி.மீ. பற்றி யாருமே கேட்கவில்லை. எனக்கு எல்லாவற்றிலும் கடினம் அதுதான்.

28-இல் எல்லாம் தீட்டலாம், 6-இல் பெரும்பாலானவற்றை விடலாம். 15-இல் ஒவ்வொன்றையும் தீட்டலாமா விடலாமா என்று யோசிக்க வேண்டும். 1/100 அளவில் கண் 0.3 மி.மீ. முடியும், ஆனால் கூடாது. வெள்ளையும் கருவிழியும் வைத்த 15 மி.மீ. முகம் திடுக்கிட்டு விழித்துக்கொண்டே இருக்கும். அதற்காகக் கண்ணே இல்லை என்றும் விட முடியாது. முதல் குறிப்பைத் தீட்டு அல்லது விடு என்ற பாணியில் எழுதினேன், இடையில் ஒரு வழி இருக்கிறது. கண்குழியில் கரும்பழுப்பு வாஷ் இறங்கட்டும், அதற்கு மேலே புருவமேட்டிலும் கீழே கன்னத்திலும் வெளிச்சம். பார்ப்பவர் கண்ணைத் தாமே நிரப்பிக்கொள்வார்.

வாஷ் ஊற்றும்போது மடிப்பில் தேங்கினால் ஈரத் தூரிகையால் உடனே உறிஞ்சி எடுங்கள். காய்ந்த பிறகு எடுக்க முடியாது, கறை வளையம் நிற்கும்.

2019-இல் வந்த கான்ட்ராஸ்ட் வகை வண்ணங்கள் 10, 15 மி.மீ. அளவுகளுக்கென்றே வந்ததுபோல் இருக்கின்றன. வெளிர் பிரைமரின் மேல் ஒரே பூச்சு, நிழலும் மேடும் தாமே பிரியும். மேடுபள்ளம் நிறைந்த ஓர்க் உடம்பிலும் அருமை. ஆனால் 28 மி.மீ. கோட்டின் பின் மடலைப்போல் தட்டையான பரப்பில் திட்டுத்திட்டாக நிற்கும். அங்கே பழைய முறையே நல்லது.

20 ஜூலை

தரையை மறந்துவிட்டோம். 6-இல் பாதி வேலை தரைதான். மேலிருந்து பார்க்கும்போது பொம்மையைவிட அது நிற்கும் பேஸ்தான் அதிகம் தெரிகிறது.

அசாயே தக்காணத்துக் கரிசல் மண். செப்டம்பர், மழைக்காலம் முடியும் தறுவாய். ஆகவே கருமண், இடையிடையே பசும்புல். உண்மையான கரிசலை அப்படியே தீட்டினேன். சிவப்புக் கோட்டுகள் அருமையாக எடுத்துக்காட்டின, ஆனால் சிப்பாய்களின் கால்கள் மண்ணுக்குள் போய்விட்டன. படை இடுப்பளவு கருந்தண்ணீரில் நிற்பதுபோல் ஒரு தோற்றம். மண்ணின் மேல் சாம்பல் பழுப்பு டிரை பிரஷ் இரண்டு முறை, பிறகு காய்ந்த வெடிப்பு நிறத்தில் இன்னொன்று. இப்போது கால் தெரிகிறது, மண்ணும் கரிசலாகவே இருக்கிறது. 28 மி.மீ. பேஸ்களுக்கு இந்த வெளிச்சமெல்லாம் தேவைப்படவில்லை, கரிசலை அசல் கருமையிலேயே விட்டேன்.

கடையில் விற்கும் புல் குஞ்சங்களில் 6 மி.மீ. உயரமும் உண்டு. அதை 28-க்கு ஒட்டினால் முழங்காலுக்குக் கீழே நிற்கும். 6-க்கு ஒட்டினால் சிப்பாய் காட்டுக்குள் தொலைந்துபோவார். சிறிய அளவுக்குப் பொடி நுரை, அல்லது 2 மி.மீ. இழை. அதற்கு மேல் வேண்டாம்.

3 ஆகஸ்ட்

முப்பரிமாண அச்சு பற்றிக் கேட்டவருக்கு: கணினிக் கோப்பினை எந்த அளவுக்கும் சுருக்கலாம் என்பது உண்மை. 28-க்குச் செதுக்கிய கோப்பினை 10-க்குச் சுருக்கினால் துப்பாக்கி முனைக் கத்தி நூலாகிவிடும், கழுவும்போதே ஒடியும். முகத்தின் சுருக்கங்கள் அச்சில் வரவே வராது. வந்தாலும் பிரைமருக்குள் மூடிப்போகும். சிறிய அளவுக்கென்றே தடிப்பாக்கிய கோப்புகளைத் தேடுங்கள். அச்சுக்கான திரவ ரெசினைக் கையாளும்போது கையுறை கட்டாயம். முழுமையாகக் கழுவி, புற ஊதா ஒளியில் இறுக்கிய பிறகே பிரைமர்.

மலிவாகத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு 1/72 மென்பிளாஸ்டிக் பெட்டிகள் இருக்கின்றன. அச்சு எண்ணெய் போகும்படி வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். வளையும் துப்பாக்கியில் வண்ணம் உரியும், அதற்கு முன்பூச்சாக வெள்ளைப் பசையை நீர்த்துத் தடவினால் பெருமளவு தாங்கும்.

17 ஆகஸ்ட்

28 மி.மீ. வரலாற்றுப் பொம்மைகளில் யார் செதுக்கியது நல்லது என்று கேட்டிருந்தார்கள். எனக்கு பெரி சகோதரர்கள், ஆலனும் மைக்கேலும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் இரட்டையர். பழைய போரை நடித்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றில் நடந்த பீரங்கி விபத்தில் வலது கையை இழந்த மைக்கேல், இடது கையால் செதுக்கப் பழகிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தவர். அவர்களுடைய பொம்மையில் துணி விழும் விதத்தைப் பாருங்கள். தோள்பையின் வார் கோட்டை அழுத்தும் இடத்தில் சுருக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெளிவாக இருக்கும். வாஷ் தானாகவே சரியான இடத்துக்குப் போகும். நல்ல சிற்பம் வண்ணக்காரருக்குப் பாதி வேலையைக் குறைத்துக் கொடுக்கிறது.

19 அக்டோபர்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால் இந்தக் குறிப்பு, சென்னையிலும் கடலோர ஊர்களிலும் இருப்பவர்களுக்காக.

ஸ்பிரே பிரைமரை ஈரக்காற்றில் அடிக்காதீர்கள். பரப்பு மணல்தாள்போல் சொரசொரப்பாகும், 6 மி.மீ. முகம் அதிலேயே காணாமல் போகும். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் இன்னும் மோசம், ஈரம் சிக்கினால் வெள்ளையாகப் பூத்துவிடும். மழை நாட்களில் தூரிகையால் பூசும் பிரைமரும் வார்னிஷும் போதும். மெல்லியதாக இரண்டு பூச்சு. பூத்துப்போன பொம்மையைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் மேல் பளபளப்பு வார்னிஷை ஒருமுறை பூசினால் பெரும்பாலும் தெளியும். நன்கு காய்ந்த பிறகு, வறண்ட நாளில் மறுபடி மேட்.

வண்ணம் காயாதிருக்க ஈரப் பஞ்சு வைத்த ஈரப்பலகையின் தண்ணீரையும் தினமும் மாற்றுங்கள், இந்தக் காலத்தில் இரண்டு நாளில் பஞ்சில் பூஞ்சை வாடை வரும்.

20 அக்டோபர்

ஜூன் 14 குறிப்பில் 78-க்குச் சந்தன நிறம் என்று எழுதியதைச் செய்துபார்த்த ஒருவர், மேட் வார்னிஷுக்குப் பிறகு மறுபடி வெள்ளையாகவே தெரிகிறது என்கிறார். மேட் வார்னிஷ் நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்யும். வெள்ளையோடு ஒட்டி நிற்கும் நிறங்களில் அந்த இழப்பு முதலில் தெரியும். வார்னிஷுக்கு முன்பே இன்னும் அரைப்படி மஞ்சள் கூட்டிவையுங்கள். 74-இன் வெள்ளைக்குக் கீழே வெளிர் சாம்பல் நீலம் ஒரு பூச்சு கொடுத்தால் அந்த வெள்ளை குளிர்ந்து, இரண்டுக்கும் இடைவெளி கூடும். 28-இல் இரண்டையும் செய்ய வேண்டாம், அங்கே மிகையாகத் தெரியும்.